கழுத்தில் நீலம், உடலில் பொன்

சுடப்பட்டு வெளியே விழுந்த ஒரு துப்பாக்கித் தோட்டாவின் வெறுங்கூட்டைக் கையில் எடுத்து, சாளர வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பாருங்கள். .308 வின்செஸ்டர் கூடாக இருக்கட்டும் அது. 1952-இல் சந்தைக்கு வந்த நாள்முதல் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கும் இலக்குச் சுடுவோருக்கும் நன்கு பழகிய உருவம். உயரம் 51 மில்லிமீட்டர். அடியில் கனத்த வட்டத் தட்டு. அதற்குச் சற்று மேலே, துப்பாக்கியின் கொக்கி பற்றி இழுப்பதற்காகக் கடைந்த பள்ளம். அங்கிருந்து உடல் நேர்செங்குத்தாக ஏறுவதாகக் கண் சொல்லும். விரலால் தடவினால்தான் மேலே போகப் போக அது மயிரிழை மயிரிழையாக ஒடுங்குவது தெரியும். பிறகு 20 பாகைச் சரிவில் தோள். தோள் கூடும் இடத்தில் நிமிர்ந்து நிற்கும் குட்டைக் கழுத்து. இத்தனை சிறிய பொருளில் இத்தனை அளவான வளைவுகளா என்று மனம் கனிந்துவிடுகிறது.

இந்த உடலில் ஒட்டோ பற்றோ இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டிலிருந்து ஒரு வட்ட வில்லையை வெட்டி, அதைக் கிண்ணமாகக் குழித்து, கிண்ணத்தை அச்சுக்குள் செலுத்தி இழுத்து, மறுபடியும் இழுத்து நீட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் உலோகம் இறுகும். சூடேற்றி அதை இளக்கித்தான் அடுத்த இழுப்புக்குக் கொண்டுபோவார்கள். முடிவில் அடிப்பகுதி கடினமாகவும் கழுத்து மென்மையாகவும் நிற்கும்படி ஒரே உலோகத்துக்குள் இரண்டு குணங்களை வைத்துவிடுகிறார்கள். சுடும்போது உள்ளே எழும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம். அந்தக் கணத்தில் கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு அப்பிக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் ஒரு துளி உள்வாங்கி, தானே விலகி வெளிவருகிறது. பித்தளையின் இந்த நெகிழ்வும் மீள்வும் இருப்பதால்தான் சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப முடிகிறது.

அமெரிக்காவில் அப்படி மறுபடி நிரப்புவோர் ஏராளம். கார் நிறுத்தும் அறையிலோ வீட்டின் நிலவறையிலோ ஒரு மரமேஜை, அதில் திருகிப் பொருத்திய ஒரு நெம்புகோல் கருவி, ஒரு தராசு. வெடிமருந்தைப் பற்றவைத்து எரிந்துபோன பிரைமரைத் தள்ளி எடுத்து, விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், அளந்த மருந்து, குண்டு என்று ஒவ்வொன்றாகக் கையாலேயே சேர்ப்பார்கள். கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் பிரெட் ஹண்டிங்டன் 1943-இல் தொடங்கிய ஆர்சிபிஎஸ் போன்ற நிறுவனங்கள் இந்த மேஜைகளுக்கான கருவிகளைத் தலைமுறைகளாகச் செய்துவருகின்றன. இந்த வேலைகளுக்கு நடுவே வருவது கூட்டைத் துலக்கி மெருகேற்றும் பகுதி. அவசரக்காரர்கள் அதை ஒரு சில்லறை வேலையாகக் கடந்துபோவார்கள். எனக்கோ இந்தக் கலையின் கண் திறக்கும் இடமே அதுதான்.

துலக்குவதற்கு முன் அழுக்கையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். கழுத்தின் விளிம்பில் படிந்திருக்கும் புகைக்கரி எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். மருந்தின் அழுத்தம் போதிய அளவு எழுந்திருந்தால் கழுத்து உடனே விரிந்து வாயை அடைத்திருக்கும். கரி விளிம்போடு நின்றுவிடும். அழுத்தம் குறைவாக இருந்திருந்தால் கழுத்து தயங்கியிருக்கும். அந்தத் தயக்கத்தின் வழியாகப் புகை நழுவித் தோள்வரை சாம்பல் நிற நாக்குகளை நீட்டியிருக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிந்த ஒன்று இவ்வளவு தெளிவான கையெழுத்தை விட்டுப்போகிறது. தேர்ந்தவர்கள் இதைப் படித்த பிறகுதான் கூட்டைத் துலக்கப் போடுவார்கள்.

துலக்கும் வழிகளில் பழகியதும் இதமானதும் உலர் மெருகு. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அடியில் அதை அதிரவைக்கும் சிறு மோட்டார். தொட்டியில் மக்காச்சோளத்தின் கதிர்த்தண்டை உடைத்துச் சலித்த குருணை. முத்துகளை உதிர்த்தபின் மாட்டுக்குப் போடும் அதே தண்டுதான். அதில் மரம்போல் இறுகிய நடுவளையத்தை உடைத்து, பருமன்வாரியாகச் சலித்துப் பையில் கட்டி விற்கிறார்கள். அழுக்கு கடுமையாக இருந்தால் அக்ரூட் ஓட்டின் தூள். அதன் துகள்களுக்குக் கூர்மையான முனைகள் உண்டு, கரியைச் சுரண்டும். சிலர் அதில் பொன்வேலைக்காரர்களின் செம்பொடியான இரும்பு ஆக்சைடையும் கலப்பார்கள். வெறும் அரிசியைப் போட்டே துலக்குபவர்களும் உண்டு என்று அறிந்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

தொட்டி ஓடும்போது அருகில் நின்று பார்ப்பது தனிச் சுகம். குருணை முழுவதும் நீர்போல இளகி, விளிம்பில் ஏறி நடுவில் அமிழ்ந்து, மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். கூடுகள் அதில் முங்கி மறையும். வேறோர் இடத்தில் ஒரு கழுத்து தலைநீட்டும். மறுபடி உள்ளே போகும். ஒவ்வொரு துகளும் உலோகத்தை மிக மிக மெல்லத் தொட்டுவிட்டு நகர்கிறது. ஒரு தொடுதலால் எதுவும் ஆவதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் கோடிக்கணக்கான தொடுதல்கள் சேர்ந்து பழுப்பு விலகி, முதலில் வெளிர்மஞ்சள், பிறகு நிறைந்த மஞ்சள், கடைசியில் ஒளி உள்ளிருந்தே கசிவதுபோன்ற மிருதுவான பொன்னிறம் எழுகிறது. சோளக்குருணை தரும் மெருகில் கண்ணைக் குத்தும் பளபளப்பு இருக்காது. அதில் ஒரு கதகதப்பு உண்டு. சிலர் மெருகுத் திரவத்தோடு சிறிது மெழுகையும் சேர்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் போர்வை காற்றின் ஈரத்தையும் விரலின் வியர்வையையும் பலநாள் தள்ளிவைக்கும்.

இந்த வேலையில் ஓர் எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கிறது. பிரைமரின் வெடிகலவையில் ஈயச் சேர்மம் உண்டு. எரிந்தபின் மிஞ்சும் தூசியிலும் ஈயம் இருக்கும். அதனால் தொட்டியை மூடி வைத்தே ஓட்டுகிறார்கள். காற்றோட்டமான இடத்தில் சலிக்கிறார்கள். முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுகிறார்கள். துணி உலர்த்தியில் போட்டெடுத்த பழைய வாசனைத் தாளைக் கிழித்துக் குருணையோடு போடுவது அவர்களுடைய ஓர் அழகிய சிக்கனம். தூசி முழுவதும் அதில் ஒட்டிக் கறுத்து வெளியே வந்துவிடுகிறது.

ஈர மெருகு இன்னொரு உலகம். கூழாங்கல் மெருகேற்றும் பொழுதுபோக்குக்காரர்கள் வைத்திருந்த உருளும் பீப்பாயே இங்கும் வந்து சேர்ந்தது. உள்ளே தண்ணீர், பாத்திரம் துலக்கும் சோப்பு சில துளி, சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை, அவற்றோடு துருப்பிடிக்காத எஃகின் நுண்ணிய ஊசித்துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான பருமன், ஆறேழு மில்லிமீட்டர் நீளம். அமிலத்தின் பங்கு நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குத்துவிளக்கைப் புளிபோட்டுத் தேய்க்கும்போது புளியின் அமிலம் பித்தளையின் கறையைக் கரைக்கிறதே, அதே வேதியியல்தான் அந்தப் பீப்பாய்க்குள்ளும் நடக்கிறது. பளபளப்பைத் துலக்கி எடுப்பது ஊசிகள்.

அவை நுழையாத இடமில்லை. கூட்டின் அடிவயிற்றுக்குள் போய்க் கரியைச் சுரண்டுகின்றன. பிரைமர் குழியின் மூலைகளை வழிக்கின்றன. குழிக்கும் மருந்தறைக்கும் நடுவே இருக்கும் தீத்துளையின் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அதற்குள்ளும் நுழைந்து மறுபக்கம் வருகின்றன. அந்த ஒற்றைத் துளையின் வரலாறும் சுவையானது. ஆங்கிலேயப் படை அதிகாரி எட்வர்ட் பாக்ஸரும் அமெரிக்கர் ஹிரம் பெர்டனும் ஏறத்தாழ ஒரே காலத்தில், 1866-ஐ ஒட்டி, ஆளுக்கொரு பிரைமர் முறையைக் கண்டார்கள். ஆங்கிலேயருடைய முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கருடையது ஐரோப்பாவில் பரவியது. பாக்ஸரின் நடுத்துளை ஒன்றே என்பதால் ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பழைய பிரைமரை எளிதில் தள்ளிவிட முடிகிறது. அமெரிக்க மேஜைகளில் மறுநிரப்பல் இவ்வளவு செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பீப்பாயைத் திறந்து கறுத்த நீரைக் கொட்டி அலசும்போது வெளிவரும் கூடுகள் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு துப்புரவாக இருந்திருக்காது. எஃகு ஊசிகளைக் காந்தத்தால் அள்ளி எடுக்கிறார்கள். பித்தளை காந்தத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பிறகு தூவாலையில் கொட்டி, இரு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டி, பழம் உலர்த்தும் மின்பெட்டியில் இளஞ்சூட்டில் காயவைக்கிறார்கள். நீர்த்துளி காய்ந்த இடத்தில் புள்ளி விழாதிருக்கக் கடைசி அலசலுக்கு வாலைவடிநீர் எடுப்பவர்களின் பொறுமையை நான் வணங்குகிறேன். அமிலம் கூடிப்போனாலோ நேரம் மிஞ்சினாலோ பித்தளையில் இளஞ்சிவப்புச் சாயல் படரும். மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சுவதால் வரும் நிறம் அது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் அளவு தவறியதன் அடையாளம். கைதேர்ந்தவர்கள் அந்தச் சாயல் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே பீப்பாயை நிறுத்திவிடுவார்கள்.

இனி கழுத்துக்கு வருவோம். புதிய ராணுவக் கூடு ஒன்றில், உதாரணமாக மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் 1941 முதல் இயங்கும் லேக் சிட்டி ஆலையின் கூட்டில், தோளையும் கழுத்தையும் சுற்றி ஒரு நிறப்பட்டை ஓடும். கீழே வைக்கோல் மஞ்சள், அதன் மேல் தேன்பழுப்பு, அதற்கும் மேல் ஊதா கலந்த நீலம். பட்டுப்புடவைக்காரர்கள் மயில்கழுத்து என்பார்களே, அந்தச் சாயை. கூட்டைச் சற்றுத் திருப்பினால் நீலம் ஊதாவுக்கு நழுவும், ஊதா பழுப்பில் கரையும். யாரும் பூசிய வண்ணமல்ல இது. கழுத்தைத் தீச்சுடரில் வாட்டும்போது மேலே படியும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தில் ஒளி புகுந்து மீள்வதால் பிறக்கும் நிறம். பொதுச் சந்தைக்கான கூடுகளில் பெரும்பாலான ஆலைகள் இதைத் துலக்கித் துடைத்து அனுப்புகின்றன. ராணுவக் கூட்டில் விட்டுவைக்கிறார்கள், கழுத்து வாட்டப்பட்டது என்பதைப் பரிசோதகர் கண்ணாலேயே காண்பதற்காக. பின்லாந்தின் லாப்புவா நிறுவனமும் இந்தப் பட்டையோடுதான் தன் கூடுகளை அனுப்புகிறது. பெட்டியைத் திறந்ததும் நூறு கழுத்துகளில் அந்த நீலம் ஒருசேர எழுவதைக் காணக் கண் கூசும்.

இந்த நிறத்துக்குப் பின்னால் நம் நாட்டு மழைக்காலம் நிற்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் கிடங்குகளில் அடுக்கிய தோட்டாக்கள் மழைப் பருவத்தில் யாரும் தொடாமலே கழுத்தில் வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் வைத்திருந்த பெட்டிகளில் இது நேர்ந்தது என்பார்கள். லாயத்தின் காற்றில் குதிரைச் சிறுநீரின் அமோனியா, அதோடு மழையின் ஈரம். கழுத்தை ஒடுக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துகொண்டது. மூன்றும் கூடினால் பித்தளை தானாகப் பிளக்கும் என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் ஆய்ந்து விளக்கினார்கள். கழுத்தை வாட்டினால் அந்த உள்ளிறுக்கம் தளர்கிறது. ஆக, மிசூரியில் செய்த கூட்டின் கழுத்தில் மினுங்கும் நீலத்தைப் பார்க்கும் தமிழ் வாசகர் அதில் ஒரு பழைய ஆனி ஆடி மழையின் ஈரத்தையும் காணலாம். அமோனியா கலந்த வீட்டுப் பித்தளை மெருகுத் திரவங்களைத் தோட்டாக் கூட்டுக்கு ஆகாது என்று இன்றைக்கும் ஒதுக்குவதும் இதே காரணத்தால்தான்.

துலக்கும்போது இந்த நீலம் மங்கிவிடும், நெடுநேரம் ஓட்டினால் மறைந்தே போகும். அதனால் உலோகத்துக்குக் குறைவொன்றுமில்லை. வாட்டிய பயன் உள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் சிலர் நேரத்தைக் குறைத்து, கரி போனால் போதும் என்று எடுத்துவிடுவார்கள். உடல் பொன்னாக, கழுத்தில் நீலத்தின் நிழல் மட்டும் தங்கிய அந்தக் கூடுதான் என் கண்ணுக்கு மிக அழகியது. அதன் பிறப்பும் உழைப்பும் இரண்டுமே அதில் தெரிகின்றன.

துல்லியப் போட்டிகளில் சுடுவோர் கழுத்தின் உட்புறத்தில் இன்னும் நுட்பமான ஒன்றைப் பார்க்கிறார்கள். ஊசிகள் சுரண்டி முற்றிலும் துப்புரவான கழுத்துக்குள் குண்டை அழுத்தும்போது வெற்று உலோகம் வெற்று உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு கூட்டிலும் பிடிப்பு சற்றே மாறும். அங்கே பழைய கரியின் மெல்லிய படலம் மிஞ்சியிருந்தால் குண்டு வழுக்கி ஒரே சீராக இறங்கும். ஆகையால் வெளியே துலக்கி, உள்ளே நைலான் தூரிகையால் ஓரிரு முறை மட்டும் தடவி விடுகிறார்கள். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கையின் நயம் அது.

மெருகேறிய கூடு தன்னைப் பற்றி எதையும் ஒளிப்பதில்லை. அழுக்கோடு இருந்தபோது தெரியாத கழுத்து வெடிப்பு இப்போது மையால் கோடிட்டதுபோல் தெரியும். அடிக்குச் சற்று மேலே உடலைச் சுற்றி ஒரு பிரகாசமான வளையம் தோன்றினால், அங்கே சுவர் நீண்டு மெலிந்து வருகிறது என்று பொருள். அந்தக் கூட்டை ஒதுக்கிவிட வேண்டியதுதான். சந்தேகம் வந்தால் காகிதப் பிடிப்பூசியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, சுவரைத் தடவி, பள்ளத்தை விரலால் உணர்ந்து தீர்மானிக்கிறார்கள். காதும் துணைக்கு வரும். ஒரு பிடி கூடுகளை உள்ளங்கையில் மெதுவாகக் குலுக்கினால் நல்லவை கணீரென்று சிணுங்கும். நடுவே ஒன்று கட்டைக்குரலில் ஒலித்தால் அதில் எங்கோ விரிசல் இருக்கிறது. பளபளப்பை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை இந்தப் பரிசோதனையின்போது கூட நிற்க வேண்டும்.

கடைசித் துடைப்பு நிரப்பி முடித்த பிறகு வருகிறது. கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் முன் அதன்மேல் வழுக்குப்பசை பூசியிருப்பார்கள். ஆட்டுரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் அதில் பெரும்பாலும் இருக்கும். அந்தப் பிசுக்கு போக வேண்டும். நிரப்பிய தோட்டாக்களைச் சிறிது நேரம் சோளக்குருணையிலேயே அதிரவிட்டு எடுப்பவர்கள் உண்டு. உள்ளே மருந்துத் துகள் உடைபடலாம் என்று அஞ்சி அதை அறவே தவிர்ப்பவர்களும் உண்டு. வாதம் ஓயாதது. நான் துணியின் பக்கம். பழைய பருத்தித் துணியில் சிறிது ஆல்கஹால் நனைத்து, ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து, இரு விரலுக்கிடையில் ஒரு சுற்றுச் சுற்றித் துடைப்பதில் கடைசியாக ஒரு தரம் எல்லாவற்றையும் பார்த்துவிட முடிகிறது. பிரைமர் அடித்தட்டுக்குச் சமமாகவோ இம்மியளவு உள்ளேயோ அமர்ந்திருக்கிறதா? கழுத்துக்கு மேல் எழும் குண்டு எல்லாவற்றிலும் ஒரே உயரமா? செம்பு மிகுந்த உறை போர்த்த குண்டின் செம்மையும் பித்தளையின் மஞ்சளும் சந்திக்கும் அந்த மெல்லிய வட்டக்கோட்டில் என் பார்வை எப்போதும் ஒரு கணம் தங்கும். இரண்டும் செம்பின் பிள்ளைகள்; ஒன்றில் துத்தநாகம் கொஞ்சம், மற்றதில் நிறைய.

அடித்தட்டைத் துடைக்கும்போது பொறித்த எழுத்துகள் ஒளி பெறுகின்றன. லேக் சிட்டி கூட்டில் எல், சி என்ற இரண்டு எழுத்துகள், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், வட்டத்துக்குள் சிலுவையாக நேட்டோவின் குறி. கூடு எங்கே, எப்போது பிறந்தது என்பதை இவை என்றென்றைக்கும் சொல்லும். ஆனால் அது எத்தனை முறை சுடப்பட்டது என்று அதன் உடலில் எங்கும் எழுதியிருக்காது. ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி மைதானம் இருக்கிறது. 1907 முதல் தேசியப் போட்டிகளின் பெயரோடு சேர்ந்துவிட்ட இடம். அத்தகைய மைதானங்களில் பலருடைய கூடுகளும் புல்லில் கலந்து விழும். தன்னுடையதை அடையாளம் காண அடித்தட்டில் மைப்பேனாவால் ஒரு கோடு இழுத்துவைப்பார்கள். துலக்கியதும் அந்தக் கோடும் போய்விடும். அதனால்தான் ஐம்பது குழிகள் கொண்ட பெட்டியில் தோட்டாக்களை அடுக்கி முடித்ததும் மூடியின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள்: எந்த ஆலைக் கூடு, இது எத்தனையாவது நிரப்பல், என்ன மருந்து, என்ன குண்டு, கழுத்தைக் கடைசியாக வாட்டியது எப்போது. மெருகு துடைத்தெடுத்துக்கொண்ட தகவல்கள் அந்தச் சீட்டில் இருக்கும். அடுத்த முறை சுட்டுவிட்டு வரும்போது நிரப்பல் கணக்கில் ஒன்றைக் கூட்டி எழுதுவார்கள்.